பதுளையில் பதினோரு கணப்புகள்

பதுளையில் வெயிலுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அப்படிப்பட்ட ஊரின் நடு பஜாரில் நிற்கும் ஒரு ஹோட்டலுக்கு, குளிர் காய்வதற்குப் பதினோரு கணப்புகள் எதற்கு என்று கேட்டால், அதைக் கட்டிய துரையின் கல்லறையில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். அவர் அப்புத்தளைப் பனியில் தேயிலை நட்டுப் பணக்காரரானவர். ஊவா மாகாணம் முழுவதும் தன் பங்களாவைப் போலவே நடுங்கும் என்று நினைத்துக்கொண்டு, சீமையிலிருந்து வரைபடம் வரவழைத்து, மலையை விட்டு இறங்காமலே கட்டடத்தை எழுப்பச் சொல்லிவிட்டார். அறைக்கொரு கணப்பு. கூரைக்கு மேலே வரிசையாகச் செங்கல் புகைபோக்கிகள். பனிக்கட்டி விழுந்தால் வழுக்கி ஓட வசதியாகச் செங்குத்தான தகரக் கூரை. குளிர் புகுந்துவிடாதபடி சின்னச் சின்ன ஜன்னல்கள். திறப்புவிழாவுக்குக் கம்பளிக் கோட்டோடு வந்திறங்கிய துரை, மாடியில் ஒரே ஓர் இரவு வெந்துவிட்டு, விடிந்ததும் மலையேறியவர்தான். திரும்பி வரவில்லை. பனிக்கட்டியும் இன்றுவரை வரவில்லை.

அவர் செய்த ஒரே உருப்படியான வேலை படிக்கட்டு. முதிரைப் பலகையில் அகலமாகத் தொடங்கி, பாதியில் இரண்டாகப் பிரிந்து, மேலே போய் ஒரே விறாந்தையில் சேரும். ஏன் பிரிந்தது என்று யாருக்கும் தெரியாது. புருசன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் ஆளுக்கொரு பக்கமாக ஏறலாம் என்பது பஜாரின் கருத்து. பின்பக்கம் ஒரு சுருள் இரும்புப் படியும் உண்டு. துரைமாரின் கழிவு வாளிகளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆட்கள் ஏறி இறங்கிய வழி அது. இன்றைக்கு ஹோட்டலில் வைஃபை ஒழுங்காகப் பிடிக்கும் ஒரே இடமும் அதுதான். வெள்ளைக்காரப் பயணிகள் வாளிப் படியில் வரிசையாகக் குந்திக்கொண்டு ஊருக்குப் பேசுவார்கள்.

கை மாறி மாறி, கட்டடம் கடைசியில் ஒரு சீலைக்கடை முதலாளியிடம் வந்து, அவர் மௌத்தான பிறகு அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பாதிப் பாதியாகச் சேர்ந்தது. மூத்தவர் அலவி. இளையவள் ஸுபைரா. புருசனை இழந்த ஸுபைரா மாடியிலேயே குடியிருந்து ஹோட்டலை நடத்தினாள். கணப்பு ஒன்றில் அரிசி மூட்டை, ஒன்றில் காஸ் சிலிண்டர், ஒன்றில் வருசா வருசம் குட்டி போடும் பூனை. அலவிக்கோ பண்டாரவளையில் டயர் கடை போட வேண்டும். அதற்குக் கட்டடத்தை விற்க வேண்டும். விற்க இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். தினமும் வந்து நச்சரித்த அண்ணனிடம் ஒருநாள் அவள் எரிச்சலில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

"சரி நானா, நீங்க கேக்குற வெலைக்கி யாராவது வந்தா கையெழுத்து வெக்கிறேன். இந்த அடுப்புக் கூட்டத்த எந்தப் பைத்தியக்காரன் வாங்குறான்டு பாப்பமே!"

வந்தார் புஹாரி ஹாஜியார். பழைய கட்டடங்களை இடித்து ஷாப்பிங் கொம்ப்ளெக்ஸ் கட்டுகிறவர். சாமான் வாங்கப் போனால் கண்ணால் பார்க்கமாட்டார். விற்கிறவனின் முகத்தைத்தான் பார்ப்பார்.

ஸுபைரா பயந்துபோனாள். விலை சரிப்பட்டால் வீடும் போச்சு, தொழிலும் போச்சு. ஆகவே கட்டடத்தின் குறைகளை வஞ்சகமில்லாமல் எடுத்துவைத்தாள்.

"கூரை ஒழுகுது ஹாஜியார்."

"எந்தக் கூரைம்மா ஒழுகல்ல?"

"மாடியில மனுசன் படுக்க ஏலா. மாவப் பெசஞ்சி வெச்சா ரொட்டியாகிரும்."

"ம்ம்."

"படி பூராக் கறையான்."

புஹாரி கைத்தடியால் படியைத் தட்டினார். இரும்பைத் தட்டியதுபோல் 'ணங்' என்றது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அலவியை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மச்சான், ஒங்கட தங்கச்சி விக்கிறதுக்கு நிக்கிறாவா, வாங்குறதுக்கு நிக்கிறாவா?"

"ஏன் ஹாஜியார்?"

"விக்கிறவ ஏன் சாமானப் பழிக்கணும்? பெரிய ஆள் எவனோ வந்து பாத்துட்டுப் போயிக்கிறான். எனக்கிட்ட மறைக்கிறா. நீங்க சொன்ன வெலைக்கி மேல போட்டுத் தாறேன். ஞாயித்துக்கெழம பத்திரக்காரனோட வாறேன்."

அலவி தங்கையிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, டயர் வாசனை மூக்கில் ஏறியவராக வீடு போனார். ஸுபைராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னதற்கு விலை ஏறுகிறதென்றால் இது என்ன ஊர்?

மறுநாள் ஜன்னலருகே நின்று இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். எதிர்க்கடையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த இராக்கம்மா ஒரு கம்பளிப் போர்வையை விரித்துவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்னாங்க போர்வ? ஒரு தண்ணிக்கே சாயம் போயிரும். நூலப் பாருங்க, இப்பவே பிரியுது. ஓசியில குடுத்தாக்கூட எங்க வீட்டு நாய் படுக்காதுங்க!"

திட்டி முடித்த இராக்கம்மா, காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஸுபைரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். சீலைக்கடையில் பிறந்து வளர்ந்தவள், இதை மறக்கலாமா? பழிக்கிறவன் வாங்குவான். புகழ்கிறவன் தள்ளிவிடப் பார்க்கிறான். அவள் இத்தனை நாள் தப்பான பக்கத்தில் நின்று வியாபாரம் பேசியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை புஹாரி பத்திரக்காரரோடு வந்து இறங்கியதும் அவள் வாசலுக்கே ஓடினாள்.

"வாங்க ஹாஜியார், வாங்க! இந்த மாதிரிக் கட்டடம் ஊவாவுலயே இல்ல. இன்னைக்கே எழுதி எடுத்துருங்க. நாளைக்கிண்டு வெக்க வாணாம்."

புஹாரியின் கால் வாசற்படியிலேயே நின்றது.

"போன கெழம வேற மாதிரிப் பேசினீங்களே?"

"அது பேத்தல். மேல வாங்க. இந்தப் படியப் பாருங்க, நூறு வருசமா ஒரு கிறீச்சு இல்ல. விறாந்தைக்கி வாங்க. இங்கின நின்டா நமுனுகுலை மல மொகத்துக்கு நேரா தெரியும். மழ பேஞ்சா தகரத்துல கேக்குற சத்தத்துக்குத் தாலாட்டே வாணாம்." நடிப்பாகத்தான் தொடங்கினாள். எந்த இடத்தில் நடிப்பு நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. "சின்னதுல நானா அந்தப் பக்கப் படியில, நான் இந்தப் பக்கப் படியில. யார் முந்தி மேல வாறண்டு ஓடுவம். ஒவ்வொரு தரமும் நான்தான் முந்துவேன்."

"களவு!" என்றார் பின்னால் வந்த அலவி, தன்னை மறந்து. "நீ ரெண்டு படி தாண்டிப் பாய்வ."

புஹாரி கணப்பைக் கைத்தடியால் காட்டினார். "இது எரியுமா?"

யாரும் ஒருநாளும் எரித்துப் பார்த்ததில்லை. "என்ன கேள்வி ஹாஜியார்? எரியும்!" என்றாள் ஸுபைரா. "கந்தப்பன்! மிலாறு கொண்டாங்க!"

சமையற்காரர் கந்தப்பன் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை ஒரு கட்டுக் கொண்டுவந்து அடுக்கினார். "அம்மா, உள்ள பூன இருந்திச்சே..."

"அது அடுத்த ரூம். பத்த வைங்க!"

முதலில் புகை முழுவதும் அறைக்குள்தான் வந்தது. அலவி இருமினார். பத்திரக்காரர் கண்ணைக் கசக்கினார். பிறகு மேலேயிருந்து ஒரு பழைய மைனாக் கூடு பொத்தென்று விழுந்து பற்றிக்கொள்ள, புகைபோக்கி தெமோதரைச் சுரங்கத்தில் ரயில் நுழைவதுபோல் 'ஹோ' என்று இழுத்தது. புகை அத்தனையும் மேலே போனது. நூறு வருசம் கழித்துத் துரையின் கணக்குச் சரிவந்தது, குளிர் ஒன்றுதான் பாக்கி.

தெருவில் கூச்சல். "ஹோட்டல் பத்துது! ஹோட்டல் பத்துது!" பஜாரே வாளியோடு ஓடிவந்தது. வாளி இல்லாதவர்கள் போனோடு வந்தார்கள். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, அணைக்க ஒன்றும் இல்லாமல், ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனது.

புஹாரி வியர்த்து ஒழுகியபடி நெருப்பையே பார்த்தார். படி உறுதி. புகைபோக்கி இழுக்கிறது. விற்கிறவள் அவசரப்படுகிறாள். அவர் குரல் தாழ்ந்தது.

"தங்கச்சி, கொற இல்லாத சாமான எவனும் விக்கமாட்டான். கண்ணுக்குத் தெரியிற கொறைக்கி வெல பேசலாம். தெரியாத கொறைக்கி நான் பேச வரல்ல."

"அல்லாவே, இதுல ஒரு கொறையும் இல்ல ஹாஜியார்!"

"அதத்தானே நானும் சொல்றேன்."

புஹாரி பத்திரக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, இரட்டைப் படியின் மேல்முனையில் அவர் ஒரு பக்கமும் இவர் ஒரு பக்கமும் இழுபட்டு, ஒருவழியாக இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்தது. அண்ணனும் தங்கையும் கணப்புக்கு முன்னால், பதுளை வெயிலில், குளிர் காய்கிறவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். அலவி சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"பொய்யாப் பழிச்ச, வாங்க வந்தான். உண்மையச் சொன்ன, ஓடிட்டான்."

"நான் பழிச்சதும் உண்மதான் நானா. கறையான் மட்டும் பொய்."

அலவி நெருப்பைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். "எனக்கு டயர் கடை வேணும். ஒனக்கு இது வேணும். என்ட பங்க நீயே எடுத்தா என்ன? கொஞ்சம் கொஞ்சமாத் தா."

ஸுபைரா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இதையா? கூரை ஒழுகுது நானா. மாடியில மனுசன் படுக்க ஏலா. ஜன்னலா இது, எலிப் பொந்து! படி..."

"கறையானா?"

"பூராக் கறையான்."

அலவி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். சீலைக்கடை கல்லாவில் வாப்பா உட்காரும் அதே சாய்வு.

"கந்தப்பன்!" என்று கீழே குரல் கொடுத்தார். "ரெண்டு ப்ளேன்டி. இது முடிய நேரமெடுக்கும்."