பஸ் ஞானி

"இதனால் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, பேக்டரி லயம் ஆகிய மூன்று இடங்களிலும் வாழும் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், நமது தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, நமது பீலித் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, இன்று கடல் கடந்த தேசத்திலே பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் கல்வி போதித்துவரும் தவப்புதல்வி கிருஷாந்தி டீச்சர் அவர்கள், எதிர்வரும் வெள்ளிக்கிழமை மாலை, மாரியம்மன் கோயில் மண்டபத்தில், மாபெரும் இலவச ஆங்கில வகுப்பைத் தமது திருக்கரங்களால் திறந்து வைப்பார். வரலாற்றுச் சிறப்புமிக்க இந்நிகழ்வில் வடையும் தேநீரும் உண்டு."

கோயில் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி, ஆட்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்புமுன்பே இதை மூன்று தடவை முழங்கிவிட்டது. முழங்கியவர் தோட்டத்துத் தலைவர் செல்லசாமி. மைக்கைப் பிடித்தால் அவருக்கு இருமல் நின்றுவிடும். விட்டால் மறுபடி தொடங்கும். அதனால் அவர் மைக்கை விடுவதில்லை.

தவப்புதல்வி அந்நேரம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். லீவில் வந்த நாள் முதல் அவள் செய்த ஒரே காரியம் தூக்கம். வெளியே ஆகஸ்ட் மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை இரண்டு வருஷம் கேட்காமல் இருந்தவளுக்கு அதைவிட நல்ல தாலாட்டு கிடையாது. தாலாட்டுக்கு நடுவில் தன் பெயர் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

அவள் போதித்த கல்வி என்ன என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். உட்கார். பெல்ட்டைப் போடு. தம்பியைத் தள்ளாதே. பஸ்ஸில் சாப்பிடக் கூடாது. இந்தத் தண்ணீர்ப் போத்தல் யாருடையது? இவ்வளவுதான் பாடத்திட்டம். இதைத்தான் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, இங்கிலீஷில் போதித்தாள். அவள் அந்தப் பள்ளிக்கூடத்து பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அங்கே அந்த வேலைக்குப் பெயர் பஸ் நானி.

பள்ளிக்கூடத்தின் பெயர் கிங்ஸ்ஃபீல்ட் ஹைட்ஸ் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் டே ஸ்கூல். கல்ஃபில் ஒரு நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. பெயரில் உள்ள ராஜா எந்த ராஜா என்று யாருக்கும் தெரியாது. வயல் கிடையாது. ஹைட்ஸ் என்று சொல்ல ஒரு மண்மேடுகூட இல்லை, தரை ரொட்டி மாதிரித் தட்டை. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மூச்சு வாங்க ஏறுகிற தோட்டத்தில் பிறந்தவளுக்கு அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

அங்கே பெண் என்று இருந்தால் பிள்ளைகளுக்கு எல்லாரும் மிஸ்தான். பிரின்சிபலும் மிஸ், கக்கூஸ் கழுவுகிற நேப்பாளத்துப் பெண்ணும் மிஸ். பிரிட்டிஷ்காரர்களின் சமத்துவம் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடும், சம்பளம்வரை போகாது. போன வருஷம் ஒரு நாள் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது "பை மிஸ், பை மிஸ்" என்று கையசைத்ததை அவள் போனில் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பிவைத்தாள். பிரதாபன் அதைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டான். இங்கே மிஸ் என்றால் டீச்சர். மத்தியானத்துக்குள் கிருஷாந்தி டீச்சராகிவிட்டாள். அதற்குப் பரீட்சை, பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை.

பிரதாபன் பொய் சொல்லவில்லை. அதில் அவன் கெட்டிக்காரன். யாராவது "டீச்சர் எப்ப வாறாங்க?" என்று கேட்டால் "ஆகஸ்ட்டுல" என்பான். அவ்வளவுதான். அவன் ஆட்டோவின் பின்கண்ணாடியில் பிரிட்டிஷ் ஸ்கூல் என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஏறியது. பிறகு அவன் கோயில் கமிட்டியில் செயலாளரானான். ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் கேஷிகாவைப் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் இங்கிலீஷ் செய்தி வாசிக்க நிறுத்தினார்கள். டீச்சர் மகளாச்சே.

ஒலிபெருக்கி ஓய்ந்ததும் கிருஷாந்தி இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்தாள். பிரதாபன் மழைக்கு ஒதுங்கி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வந்த மறுநாளே அவள் அவனிடம் சொல்லியிருந்தாள், இனித் திரும்பிப் போகப்போவதில்லை என்று. வர்ற ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் இருக்கிறது. அது இருக்கட்டும், நான் ஏறமாட்டேன் என்று. அவன் அப்போது தலையாட்டிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். இப்போது அவள் அதையே மறுபடி சொன்னாள்.

"டீச்சர் வேலைய யாராவது விடுவாங்களா, கிருஷா?" என்றான் அவன், துணியைப் பிழிந்துகொண்டே.

"நான் என்னங்க டீச்சரா?"

"நீ இல்லதான். ஆனா ஊருக்கு நீ டீச்சர். அந்த வேலைய விட்டுட்டு வந்து இங்க கெடந்தா என்னா பேசுவாங்க? அங்க என்னமோ தப்புப் பண்ணிட்டா, தொரத்திட்டாங்கன்னுதான பேசுவாங்க. புள்ளைக்கும் சேத்துத்தான் அந்தப் பேச்சு."

அவன் சொன்னதில் ஓட்டை இல்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பஸ்காரி வேலையை விடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். டீச்சர் விடமுடியாது.

ஏன் விடவேண்டும் என்பதை அவள் யாருக்கும் விளக்கமாகச் சொன்னதில்லை. கடைசிப் பிள்ளை இறங்கியதும் அவள் பஸ்ஸின் பின்கோடிவரை நடக்கவேண்டும். ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து பார்க்கவேண்டும். பின்னால் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால்தான் பஸ் அடங்கும், இல்லாவிட்டால் ஊளையிடும். பூட்டிய பஸ்ஸில் ஒரு பிள்ளை தூங்கிப்போனால் அந்த வெயிலில் என்ன ஆகும் என்பதை வேலைக்குச் சேர்ந்த அன்றே படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அவளுடைய பஸ்ஸில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை. ஆனால் அறைக்குப் போய்ப் படுத்த பிறகும், பொத்தானை அமுக்கினோமா, குனிந்து பார்த்தோமா என்று உடம்பு நடந்துகொண்டே இருக்கும். கனவில் சீட்டுகள் முடிவதில்லை. இரண்டு வருஷமாக அவள் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் வந்தபிறகுதான் தூங்கினாள்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை மைக் கையில் வரும். உள்ளதைச் சொல்லிவிடுவது. வெட்கம் ஒரு நாளைக்கு. அதன்பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் தூங்கலாம்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஹட்டன் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சோமசுந்தரம் முதலாளி பிளாஸ்டிக் கதிரைகளை இலவசமாக அனுப்பியிருந்தார். ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் அவர் கடைப் பெயர் இருந்தது, அதனால் இலவசம். மங்கள விளக்கை ஏற்றுவதற்கு ஒன்பது பிரமுகர்கள் இருந்தார்கள், திரி ஐந்துதான். மிச்ச நால்வர் எரிகிற திரியிலேயே மறுபடி ஏற்றினார்கள். கிருஷாந்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதன் சரிகை கழுத்தில் குத்தியது. சின்ன வயதில் அவளை "ஏ புள்ள, தேத்தண்ணி கொண்டா" என்று கூப்பிட்ட அதே செல்லசாமி, "டீச்சரம்மா, ரெண்டு வார்த்தை" என்று குனிந்து மைக்கைக் கொடுத்தார். கொடுக்கும்போதே இருமினார்.

அவள் சுற்றிவளைக்கவில்லை.

"நான் டீச்சர் இல்லீங்க," என்றாள். "நான் பஸ் நானி. பஸ்ஸுல புள்ளைங்கள ஏத்தி, பெல்ட்டு போட்டு, பத்திரமா எறக்கி விடுறதுதான் என் வேல. எல்லாரும் எறங்குனப்புறம் கடைசி சீட்டு வரைக்கும் போயி, எந்தப் புள்ளயாவது தூங்குதான்னு குனிஞ்சு பாப்பேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

தகரத்தில் மழை மட்டும் கேட்டது. முன்வரிசையில் பிரதாபன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிருஷாந்திக்குத் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. அங்கேயே படுத்துத் தூங்கியிருப்பாள்.

செல்லசாமி எழுந்து மைக்கை வாங்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா?" என்றார். "ஞானின்னு சொன்னாங்க. பஸ் ஞானி. இந்த வார்த்தைய எந்தப் பல்கலைக்கழகத்துல சொல்லித்தருவாங்க? ஆசிரியர ஏணின்னு சொல்லிக் கேட்டிருக்கோம். தோணின்னு கேட்டிருக்கோம். அதெல்லாம் பழசாப் போச்சு. இது பிரிட்டிஷ் பாடத்திட்டம், இங்க ஆசிரியர்தான் பஸ்ஸு."

கைதட்டல் எழுந்தது. அவர் கையைக் காட்டி அடக்கினார்.

"பெல்ட்டுன்னா என்னா? ஒழுக்கம். எறக்கி விடுறதுன்னா என்னா? கரை சேக்குறது. கடைசி சீட்டுல ஒரு புள்ள தூங்குதுன்னாங்களே, அது யாரு? அதான் நம்ம மலையகச் சமுதாயம். எல்லாரும் எறங்கிப் போயிட்டாங்க, நம்ம மட்டும் தூங்குறோம். நம்மள யாரு குனிஞ்சு பாத்தா? டீச்சரம்மா பாத்தாங்க."

பின்வரிசையில் ஒரு கிழவர் அழுதுவிட்டார். சோமசுந்தரம் முதலாளி எழுந்து நின்று கைதட்டினார், அதனால் அவர் கதிரைகளில் இருந்த எல்லாரும் எழுந்து நிற்கவேண்டியதாயிற்று. கிருஷாந்தி மறுபடி மைக்குக்குக் கை நீட்டினாள். செல்லசாமி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, கையைப் பிடித்துக் கும்பிட்டார். மைக்கை விடவில்லை. கடைசி சீட்டைப் பற்றி அவர் சொன்னதில் ஏதோ உண்மைகூட இருக்குமோ என்று அவளுக்கே ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தச் சோர்வில் அதைத் தொடர்ந்து யோசிக்க முடியவில்லை.

வடை தின்றுகொண்டே பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எவ்வளவு படித்திருந்தும் எவ்வளவு பணிவு என்றார்கள். இப்பேர்ப்பட்ட வேலையை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே என்று ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். பிரதாபன் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்தான்.

"நீயே சொல்லிட்ட. நம்ப மாட்டேங்குறாங்க," என்றான் தாழ்ந்த குரலில். "இனி நான் என்னா பண்ண?"

அவன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டான். வருத்தத்தோடு அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினான்.

கூட்டம் கலைந்தது. கிருஷாந்தி தன்னை அறியாமலே கதிரைகளுக்கு நடுவில் பின்பக்கமாக நடந்தாள். ஒவ்வொரு வரிசையிலும் குனிந்து பார்த்தாள். ஒரு குடை கிடந்தது, ஒரு பாதி வடை கிடந்தது. கடைசிச் சுவருக்கு வந்ததும் அவள் கை தானாகப் பொத்தானைத் தேடியது. சுவரில் பல்லி இருந்தது.

திரும்பிப் பார்த்தால் கேஷிகா நின்றுகொண்டிருந்தாள். அம்மா நடந்ததையும் குனிந்ததையும் கை சுவரைத் தடவியதையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"நெசமாவே பஸ்ஸாம்மா?"

"ஆமா."

பிள்ளை கிட்டே வந்து, பொன்னாடையின் சரிகை குத்திச் சிவந்திருந்த கழுத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"வேற யாருகிட்டயும் சொல்லிடாதீங்கம்மா," என்றாள்.

அன்று முழுவதும் அவள் சொன்னதை நம்பிய ஒரே ஆள் கேட்ட ஒரே விஷயம் அது. கிருஷாந்தி சரி என்றாள். லயத்து வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இழுத்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளை வழியனுப்பத் தோட்டமே ரோட்டுக்கு வந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய ஆட்டோவில் அவள் ஏறினதும் செல்லசாமி கடைசியாக ஒரு மாலை போட்டார்.

இலவச ஆங்கில வகுப்பு என்கிற பெனர் மண்டபத்தில் இன்னும் தொங்குகிறது. வகுப்பு நடக்கவில்லை. டீச்சர் இல்லை.