பாதி லென்ஸ்

“நடுவுல வெட்டினா ரெண்டும் வீணாப் போயிடாதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாமலா இத்தனை வருஷம் உன்கூடக் குப்பை கொட்டினேன்?”

“எந்தக் குப்பையச் சொல்ற? வீட்டுலயா, இங்கயா?”

“ரெண்டுந்தான். இங்க கொட்டினது கொஞ்சம் சுத்தமான குப்பை.”

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு வருந்தியவன்போல முகமூடியைச் சரிசெய்துகொண்டான். போன வாரம்தான் இருவரும் விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பிரிந்திருந்தார்கள். இன்று சாயங்கால ரயிலில் அவன் வேறொரு ஊரின் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறான். இந்த ஆய்வுக்கூடத்தில் இருவரும் சேர்ந்து செய்த லென்ஸ்களில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்திருந்தது. அதில் பாதியை அவன் எடுத்துப்போகலாம் என்று தலைமை விஞ்ஞானி சொல்லிவிட்டார். வெட்டுவதற்கு அவளைப்போல நடுங்காத கை அங்கே யாருக்கும் இல்லை. அந்தக் கைக்காகவும், அதைவிட அந்த வாய்க்காகவும், வேலையில் சேர்ந்த புதிதில் அவளுக்கு ‘ஊசி’ என்று பேர் வைத்தவன் அவன்தான்.

அது வயிறு புடைத்த லென்ஸ் அல்ல. தட்டையான ஒரு கண்ணாடிச் சில்லு. நடுவில் கடுகளவு ஒரு மங்கல். அந்த மங்கலுக்குள், தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய தூண்கள் காடுபோல நின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமன். தடித்த தூணில் ஒளி சற்றுத் தயங்கும், மெலிந்ததைச் சட்டென்று கடந்துவிடும். அந்தத் தயக்கங்களைக் கணக்காக அமைத்துவிட்டால், மறுபுறம் ஒளியெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும். நோயாளியின் மூச்சுக்குழலுக்குள் அனுப்பக்கூடிய குட்டிக் கேமராவுக்கான கண் அது. மற்ற லென்ஸ்களிலெல்லாம் கழுவிக் காயவைக்கும்போது தூண்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. இதில் மட்டும் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

அதற்குப் பச்சை ஒளி மட்டுமே தெரியும். முதன்முதலாக அது வேலை செய்த அன்று, கட்டங்கள் போட்ட சோதனை அட்டையைக் காணவில்லை. பச்சை விளக்கின் முன்னால் அவன் தன் முகத்தையே நீட்டினான். திரையில் அவன் வந்தான். காது மடல், கலைந்த புருவம், இளிப்பு, எல்லாமே பச்சை. அந்தப் படத்தை அவள் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. “என்னடி, மாப்பிள்ளைக்குப் பித்தமா? முகமெல்லாம் பச்சையா இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டினியா?”

“அத்தைகிட்டச் சொல்லிட்டியா?” என்று அவன் இப்போது கேட்டான்.

“மாப்பிள்ளை வேலை விஷயமா வெளியூர் போறார்னு சொன்னேன். பொய் இல்லையே.”

“ஊசி…”

“பேச்சைக் குறை. அந்த ஓரத்தைப் பிடி.”

சில மாதங்களுக்கு முன் சாப்பாட்டு மேசையில் அவன் கேட்டான், “லென்ஸ் பேச்சு இல்லாம நம்ம வீட்டுல கடைசியா எதைப் பத்திப் பேசினோம்?” அவள் வெகுநேரம் யோசித்தாள். “தண்ணி மோட்டார் ரிப்பேரானதப் பத்தி,” என்றாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

வைரமுனைப் பேனாவால் சில்லின் பின்பக்கத்தில் கோடு கீறினாள். இனி இரண்டு ஓரங்களையும் ஆளுக்கொரு பக்கமாகச் சமமாக அழுத்த வேண்டும். விரிசல் கோட்டைவிட்டு விலகி ஓடினால் லென்ஸ் நொறுங்கிவிடும். நொறுங்கினால் அவன் வெறுங்கையோடு நிற்பான். வெறுங்கையோடு நிற்பவனுக்கு இன்று ரயில் ஏற மனசு வருமா? கை ஒருமுறை பிசகினால் போதும். அவள் அழுத்தினாள். பிசக அந்தக் கைக்குத் தெரியவில்லை.

‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். நேர்கோடாக இரண்டாகியிருந்தது.

வெட்டும்போது தூண்கள் உடையாமலிருக்க மேலே பூசியிருந்த காப்புப் பூச்சைக் கழுவி, சாயாமல் காயவைத்து, முதலில் அவனுடைய பாதியைக் கேமராவின் முன் பொருத்தினாள். சோதனை அட்டை திரையில் வந்தது. பாதி அட்டை அல்ல, நான்கு மூலைகளோடும் முழு அட்டை. வெளிச்சம் மட்டும் குறைவு, ஒரு பக்கமாக லேசான கலங்கல்.

“முழுசாத் தெரியுது!” அவன் சின்னப்பிள்ளைபோலத் துள்ளினான்.

“தெரியாம? எல்லாத் தூணுக்கும் மொத்தப் படத்துலேர்ந்தும் வெளிச்சம் வருது. பாதித் தூண் போனா வெளிச்சந்தான் பாதியாகும். படத்துல எதுவும் போகாது.” சொல்லிவிட்டு அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் தன் பாதியைப் பெட்டிக்குள் வைத்தான். அட்டையையும் மடிக்காமல் பைக்குள் நுழைத்து ஜிப்பை இழுத்தான். “உன்னோடதையும் பாத்துடு. அப்பறம் சரியில்லன்னு என்னைத் திட்டக் கூடாது.”

அவள் தன் பாதியைப் பொருத்தினாள். திரையில் ஒரு காலி நாற்காலி தெரிந்தது. அதற்குப் பின்னால் சுவர், சுவரில் ஆணி, அவனுடைய வெள்ளை மேலங்கி இத்தனை வருஷமாகத் தொங்கிய ஆணி. எல்லாம் மங்கலான பச்சையில்.

“அட்டை பைக்குள்ள போயிடுச்சே. எடுத்துத் தரட்டுமா?”

“வேணாம்.”

பையைத் தோளில் மாட்டும் சத்தம் கேட்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? கொஞ்சம் அந்தப் பச்சை விளக்குக்கு முன்னாடி வந்து உக்காரேன்.”