பொம்மைக் காருக்கு இரண்டு விசில்

எனக்கு மூக்குமேல் கோபம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கெங்கம்மாள் பஸ் கண்டக்டர் செல்வகுமார் என்றால், "ஐயோ, அந்த ஆளா? உள்ள போ, உள்ள போன்னு கத்திக்கினே இருப்பாரே" என்பார்கள். ஆமாம், கத்துவேன். படியில் தொங்குகிறவனைக் கொஞ்சவா முடியும்? ஆனால் 2003 மே மாதம் என் கோபமெல்லாம் ஒரே ஆள் மேல்தான் இருந்தது. அவர் எங்கள் டிரைவர் துரைக்கண்ணு அண்ணன்.

தங்கமான மனுஷன். பத்தொன்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறார், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. பிரச்சினையே அதுதான். காலை எட்டு பத்துக்குத் திண்டிவனத்தில் வண்டியை எடுத்தால், விழுப்புரம் போய்ச் சேருகிறவரை கை காட்டுகிற ஒவ்வொருவருக்கும் நிறுத்துவார். ஸ்டாப்பாவது, ஸ்டாப்பு இல்லாததாவது! ஒருமுறை ஒரு ஆள் தலையைச் சொறியக் கையைத் தூக்கினான், அதற்கும் நிறுத்தினார்.

எட்டு இருபதுக்குக் கிளம்புகிற நீல பஸ்ஸை ஓட்டுகிறவன் பார்த்திபன். இருபத்தாறு வயசுப் பயல், கறுப்புக் கண்ணாடி, கையில் வெள்ளிக் காப்பு. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எங்கள் பின்னால் வந்து ஹாரனை அழுத்துவான். அண்ணன் மகராசனாக இடதுபக்கம் ஒதுங்கி வழி விடுவார். விக்கிரவாண்டியில் நிற்கும் மொத்தக் கூட்டத்தையும் அவன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். நாங்கள் போகும்போது அங்கே ஒரு நாய் மட்டும் நிற்கும். அதுவும் ஏறாது.

மே மாதம் நாலாவது சனிக்கிழமை முதலாளி கிருஷ்ணசாமி எங்களை ஷெட்டுக்குக் கூப்பிட்டார்.

"துரைக்கண்ணு, திங்கக்கெழம காலைல நான் விக்கிரவாண்டில நிப்பேன். அன்னிக்கும் அந்த நீல வண்டிதான் மொதல்ல வந்துதுன்னா, ஒண்ணாந்தேதிலேர்ந்து புது டிரைவர். நீ ஸ்கூல் வேன் ஓட்டு."

அண்ணன் "சரிங்க" என்றார். அவ்வளவுதான். வெளியே வந்து, கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் முதலாளியைத் திட்டுவதா, பார்த்திபனைத் திட்டுவதா, இவரைத் திட்டுவதா என்றே தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு லீவு. மனசு மாறட்டுமே என்று அண்ணனை விழுப்புரம் பொருட்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாயங்காலம் நாலு மணி இருக்கும். ராட்டினம், அப்பளக் கடை எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு கூடாரம். உள்ளே சென்னையிலிருந்து வந்த கார் ரேஸ் மெஷின். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டு, சீட்டுக்கு ஒரு டிவி, ஸ்டியரிங், கீழே ஆக்ஸிலேட்டர், பிரேக்கு. சும்மா ஓட்டுவது இல்லை. ரோட்டில் பெட்டிகள் கிடக்கும். பெட்டி மேல் ஏற்றினால் ராக்கெட் கிடைக்கும், பின்னால் ஊற்ற எண்ணெய் கிடைக்கும், அடி படாமல் காக்கிற கவசம் கிடைக்கும். சிகப்பு பட்டனை அமுக்கினால் எதிராளி கார், முன்னால் போனாலும் சரி பின்னால் வந்தாலும் சரி, ஆகாசத்துக்குப் பறக்கும். ஸ்டியரிங் நடுவில் ஹாரன்கூட இருந்தது.

ஒரு சீட்டில் பார்த்திபன் உட்கார்ந்திருந்தான். காலேஜ் பையன்களை வரிசையாகத் தோற்கடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தான்.

"வாங்கண்ணே! ஸ்கூல் வேன் ஓட்டப் போறீங்களாமே? கொழந்தைங்களுக்கு நல்லதுதான், தூங்கிக்கினே போலாம்."

பஸ் ஸ்டாண்டுச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். கூடாரமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"டேய் பார்த்திபா, எங்க அண்ணன்கூட ஓட்டி ஜெயிப்பியாடா?" என்றேன்.

"நிஜ ரோட்டுல தெனமும் ஜெயிச்சிக்கினுதான இருக்கேன்."

"இங்க ஜெயிடா பாக்கலாம். எங்க அண்ணன் ஜெயிச்சாருன்னா, நாளைலேர்ந்து விக்கிரவாண்டி வரைக்கும் நீ எங்க பின்னாலதான் வரணும்."

"வர்றேன். தோத்தா?"

"தோத்தா விக்கிரவாண்டில எங்க வண்டி நிக்கவே நிக்காது. மொத்தக் கூட்டமும் உனக்கே!"

"டேய் குமாரு!" என்று அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சொன்ன வாயை மூடவா முடியும்? அதற்குள் கூடார வாசலில் வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்றுக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் கூடையோடு உள்ளே வந்துவிட்டாள். தினமும் எங்கள் பஸ்ஸில் கூடையோடு வருகிறவள். "உக்காருப்பா துரைக்கண்ணு. அந்தத் துள்ளற கன்னுக்குட்டிய கொஞ்சம் அடக்கு" என்று அவரைத் தோளைப் பிடித்து சீட்டில் உட்கார வைத்தாள்.

மூன்று சுற்று. டிவியில் சிகப்பு விளக்கு, மஞ்சள், பச்சை. பார்த்திபனின் கார் சீறிக்கொண்டு போனது. எங்கள் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"அண்ணே, போங்கண்ணே!"

"நீ ரைட்டே குடுக்கலியேடா."

சத்தியமாக இப்படித்தான் சொன்னார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ரைட், ரைட்!" என்று கத்தினேன். கார் கிளம்பியது. முதல் வளைவில் ரோட்டோரம் பொம்மை ஜனங்கள் நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பிரேக்கை மிதித்தார்.

"இன்னாண்ணே!"

"கை காட்டறாங்கடா."

"அது பொம்மைண்ணே! ஏறாது, டிக்கெட் எடுக்காது, ஒண்ணும் பண்ணாது! போங்க ஜல்தி!"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே முன்னால் போய்விட்ட பார்த்திபன் தூரத்திலிருந்தே பின்பக்கமாக ராக்கெட்டை விட்டான். எங்கள் கார் மூன்று குட்டிக்கரணம் போட்டு மணலில் விழுந்தது. "ஸ்டியரிங் லூசா இருக்குதுடா" என்று அண்ணன் முனகினார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று பார்த்திபன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். வாயைக் கொடுத்து விக்கிரவாண்டியைத் தொலைத்தேனே! நாளைக்கு முதலாளி வந்து நிற்பார், இவர் வேலை போகும், காரணம் நான்.

அப்போதுதான் உறைத்தது. ஆறு வருஷமாக இந்த மனுஷன் என் கத்தலுக்கா வண்டி ஓட்டினார்? பாக்கெட்டில் கை விட்டு விசிலை எடுத்தேன். சீட்டுக்குப் பின்னால் நின்று, பஸ்ஸில் வண்டியை எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற அதே இரண்டு விசிலைக் கொடுத்தேன்.

அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. சட்டைக் கையை மடித்தார். அதற்கப்புறம் ஓட்டினார் பாருங்கள், அடேயப்பா! எங்கள் ஓட்டை பஸ்ஸையே மாட்டு வண்டி, லாரி, சைக்கிள் நடுவில் நெளித்து எடுக்கிறவருக்கு இந்த ரோடு ஒரு ரோடா? வளைவில் பிரேக் தொடாமல் உள்பக்கமாக ஒட்டிப் போனார். கை ஆட்டுகிற கூட்டம் வரும், அவர் கால் பிரேக்குக்குப் போகும், போகிறதுக்கு முன்னால் நான் இரண்டு விசில் கொடுப்பேன். கால் திரும்பி வரும். "லெஃப்ட்ல பெட்டி!" என்று ஸ்டாப்புப் பெயர் சொல்வதுபோல் கூவினேன். எடுத்தார். கவசம்! பார்த்திபன் விட்ட அடுத்த ராக்கெட் எங்கள் மேல் பட்டுப் புஸ்ஸென்று போனது. "போடு!" என்று வெள்ளையம்மாள் கத்தினாள். அப்பளக் கடைக்காரன்கூடக் கடையை விட்டுவிட்டு வந்து நின்றான்.

இரண்டாம் சுற்று முடியும்போது அவனுடைய காரின் பின்பக்கம் எங்கள் டிவியில் தெரிந்தது. பார்த்திபன் கண்ணாடியைக் கழற்றி மடியில் போட்டான். எண்ணெய் ஊற்றினான். அண்ணன் அதை விக்கிரவாண்டிப் பள்ளத்தைத் தாண்டுவதுபோல் ஓரமாகத் தாண்டினார். என் கால் தரையில் நிற்கவில்லை.

மூன்றாம் சுற்று. கடைசிப் பாலம். ஒரே ஒரு கார் போகிற அகலம். பாலம் முடிந்தால் கோடு. பார்த்திபன் முன்னால், நாங்கள் ஒட்டிப் பின்னால். எங்களிடம் ஒரு ராக்கெட் இருந்தது!

"அண்ணே, சிகப்பு பட்டன்! அமுக்குங்க!"

"பின்னாலர்ந்து அடிக்கறதாடா?"

"பொம்மைண்ணே அது!"

"காரு பொம்மடா. ஓட்டறவன் பார்த்திபன் தான?"

தலையில் அடித்துக்கொண்டேன். சீட்டுக்கு மேல் எட்டி நானே அமுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். பாலம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வெள்ளையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் உள்ளங்கையை ஸ்டியரிங் நடுவில் வைத்து அழுத்தினார்.

பாஆஆம்... பாம், பாம்.

ஒரு நீளம், இரண்டு குட்டை. லாரியிடம் வழி கேட்கும்போது அவர் அடிக்கிற அதே ஹாரன். பாலத்தின் முனையில் ரோடு அகன்ற இடத்தில், பார்த்திபனின் கை தானாக ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பியது. அவன் கார் ஒதுங்கி மணலில் இறங்கியது. எங்கள் கார் அதன் பக்கத்தில் சல்லென்று போய்க் கோட்டைத் தாண்டியது.

கூடாரம் பிய்த்துக்கொண்டு போகாததுதான் குறை. காலேஜ் பையன்கள் அண்ணனைத் தூக்கினார்கள். நான் விசிலை ஊதிக்கொண்டே இருந்தேன். வெள்ளையம்மாள் கைநிறைய மல்லாட்டையை அள்ளி எங்கள் தலையில் வீசினாள். வியாபாரமாவது ஒன்றாவது!

பார்த்திபன் எழுந்து, "செல்லாது! ஹாரன் அடிச்சி ஏமாத்திட்டாரு" என்றான்.

"ஹாரன் அடிச்சா நீ ஏண்டா ஒதுங்கன?" என்று வெள்ளையம்மாள் கேட்டாள்.

அவன் தன் இரண்டு கைகளையும் பார்த்தான். "கை தானா போய்டுச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான். "பந்தயம் ஞாபகம் இருக்கட்டும்டா!" என்று கத்தினேன். அவன் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை காலை எட்டு பத்து. பஸ்ஸில் ஏறின ஒவ்வொருவருக்கும் செய்தி தெரிந்திருந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது. நீல பஸ் வந்துகொண்டிருந்தது. வரட்டும், பின்னாலேயே வரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விக்கிரவாண்டிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான். அங்கே முதலாளி நிற்கிறார்.

அப்போது பின்னாலிருந்து ஹாரன் கேட்டது.

"பாத்தீங்களாண்ணே! வாக்கத் தப்பிட்டான்! விடாதீங்க!" என்று டிரைவர் சீட்டுக்கு ஓடினேன். அண்ணன் அதற்குள் இடதுபக்கம் ஒதுங்கத் தொடங்கியிருந்தார்.

"இன்னாண்ணே பண்றீங்க? உங்க வேல போய்டும்ணே!"

"போனா போவுது. வழி கேட்டா விடணும்டா. அதுதான் என் வேல."

பஸ் ரோட்டோரமாக ஒதுங்கியது. நீல பஸ் எங்கள் வலதுபக்கம் ஏறி வந்தது. அதன் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எங்கள் ஜன்னல்களைத் தாண்டின. நீல பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் "போ, போ!" என்று கூச்சல் போட்டார்கள். கடைசியில் இரண்டு டிரைவர் சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. பார்த்திபன் கழுத்தைத் திருப்பி அண்ணனைப் பார்த்தான். எதிரே ரோடு காலியாக இருந்தது. ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம்.

அவன் மிதிக்கவில்லை. நீல பஸ்ஸின் சத்தம் இறங்கியது. அதன் ஜன்னல்கள் எங்கள் ஜன்னல்களை விட்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அப்புறம் அது எங்கள் கண்ணாடியில் மட்டும் தெரிந்தது. வெள்ளையம்மாள் கை தட்டினாள், மொத்த பஸ்ஸும் தட்டியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன்.

விக்கிரவாண்டியில் கூட்டம் இடித்துக்கொண்டு எங்கள் பஸ்ஸில் ஏறியது. பின்னால் நீல பஸ் வந்து அமைதியாக நின்றது. முதலாளி மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, அந்த பஸ்ஸையும் இந்த பஸ்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி டிரைவர் ஜன்னலுக்கு வந்தார்.

"ஸ்கூல் வேனுக்கு வேற ஆளப் பாத்துக்கறேன், நீயே ஓட்டு. ஆனா எப்டிய்யா முந்தன அவன?"

பொருட்காட்சி, ராக்கெட், ஹாரன் எல்லாவற்றையும் கொட்டிவிட வாயைத் திறந்தேன். அண்ணன் என்னை முந்திக்கொண்டார்.

"நான் முந்தலீங்க மொதலாளி. அவன் நல்ல டிரைவருங்க."