மஸ்கட்டுக்கு யார் போவது

கோதண்டபாணி மேல் எனக்கு ஆரம்பத்திலேயே எரிச்சல். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். பத்து மணிக்கு வரச் சொன்ன மனிதர் பதினொன்றே காலுக்குத்தான் ஷட்டரைத் தூக்கினார். நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரம் தொடங்கிவிட்டது. அரை நாள் பர்மிஷன் கேட்டதற்கே முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருந்தேன். என் மாமியார் பூமாலை மட்டும் சிரித்த முகமாக, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "பொண்ணப் பாக்கப் போறேன், மஸ்கட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் சங்கவி மஸ்கட்டில் நர்ஸ். போன வருஷம், கொரோனா வந்து விமானமெல்லாம் நின்றுபோன சமயத்தில், ஏழாம் மாதத்தில் அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. அவள் புருஷன் அலெக்ஸ் அதே நாட்டில் வேறு ஊரில் மாட்டிக்கொண்டான். அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே அவள் தனியாகக் கிடந்தாள். இங்கே அத்தை போனை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சோறு தொடவில்லை. "பக்கத்துல இருந்து தலையக் கோதிவிட ஒரு ஆள் இல்லாம போச்சே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

இப்போது மறுபடியும் எட்டாம் மாதம். நவம்பர் கடைசியில் நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு ஊசி போட்டவர்கள் வரலாம், எல்லையைத் திறந்துவிட்டார்கள் என்று சங்கவி சொன்ன அன்றே அத்தை ஒரு படி மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வறுத்து டப்பாவில் அடைத்துவிட்டார். அதற்குள் நமுத்துப்போகும் என்று நான் கத்தியதை அவர் காதில் வாங்கவே இல்லை.

பாஸ்போர்ட்டுக்கு விழுப்புரம் போனபோது அவரைத் தனியாக அனுப்ப முடியாமல் நானும் கூடப் போனேன். போவதுதான் போகிறாய், உனக்கும் ஒன்று எடுத்து வை என்று என் புருஷன் தென்னரசு சொன்னதில் எனக்கும் ஒன்று வந்தது. எனக்கு அதில் என்ன வேலை என்று பீரோவில் போட்டிருந்தேன். அன்றைக்கு டிராவல்ஸுக்குக் கிளம்ப அத்தையினுடையதை எடுக்கும்போது இரண்டும் சேர்ந்தே பைக்குள் வந்துவிட்டன.

கோதண்டபாணி அத்தையின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "விசாவுக்கு அந்தப் பக்கம் அவங்க பண்ணிக்கினு இருக்காங்க. நல்லது. ஊசி சர்ட்டிபிகேட்டு மட்டும் குடும்மா, டிக்கெட்ட லாக் பண்ணிடலாம்."

என் போனைக் கொடுத்தேன். என் நம்பரில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. கலைப்பிரியா, இரண்டு டோஸ், பச்சை நிறத்தில். கம்ப்யூட்டரில் ஊசி சைட்டைத் திறந்து அத்தையின் பட்டன் போன் நம்பரைப் போட்டார். அதில் எந்தப் பெயரும் இல்லை. தென்னரசு நம்பரையும் போட்டுப் பார்த்தார்.

"இவங்க பேர்ல எதுவும் ஏறலயேம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நல்லா பாருங்க சார். எங்க ஊரு பக்கம் எத்தினி கேம்ப் போட்டாங்களோ அத்தினிக்கும் போனவங்க இவங்க. ஒவ்வொரு தபாவும் கை வீங்கி, ஜுரம் வந்து படுத்தாங்க. கஞ்சி காய்ச்சிக் குடுத்தவ நான். உங்க கம்ப்யூட்டர்ல இல்லன்னா இவங்க போட்டுக்கலன்னு ஆயிடுமா?"

"அவர இன்னாத்துக்குடி திட்டற" என்றார் அத்தை. "என் பேர்ல போடலயே. பின்ன எப்படி இருக்கும்?"

நான் திரும்பினேன். "பின்ன யார் பேர்ல?"

அத்தை விரலை மடக்கினார். "உனுக்கு ரெண்டு. பக்கத்தூட்டு ருக்குவுக்கு ரெண்டு. அவ மருமவ இளவரசிக்கு ஒண்ணு. அஞ்சு."

கோதண்டபாணியின் கை கீபோர்டு மேலேயே நின்றுவிட்டது. "அஞ்சு ஊசியா?" என்றார். "ஒரே ஆளா?"

அத்தையின் மடக்கிய விரல்களை நான் மறுபடி எண்ணினேன்.

எனக்காகப் போட்ட இரண்டும் எனக்குத் தெரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஜூன் மாதம் எங்கள் முதலாளி, சர்ட்டிபிகேட் இல்லாதவர்கள் வேலைக்கு வரவேண்டாம் என்றார். என் பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று எவளோ சொன்னாள். பி.காம். படித்த நான் அதை நம்பினேன். அத்தை என் ஆதாரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கேம்ப்புக்குப் போனார். முகத்தில் மாஸ்க், தலையில் முக்காடு, நெட்டித் தள்ளுகிற கூட்டம். யார் யாரென்று பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரம் இல்லை. தென்னரசுவிடம்கூட நாங்கள் மூச்சுவிடவில்லை. மற்ற நாட்களில் கை வீங்கி வந்ததெல்லாம் அவருக்காகப் போட்டுக்கொண்டது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

"அடப்பாவி அத்தை" என்றேன். "உங்குளுக்கு ஏன் போட்டுக்கல?"

"அதான் போட்டுக்கினேனே. என் உடம்புலதான இருக்குது?" அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "என் பேர்ல போட்டா எனக்கு மட்டுந்தான். ருக்கு பேர்ல போட்டா ஊசி எனக்கு, பேப்பர் அவுளுக்கு. பேப்பர் இல்லன்னா நூறு நாள் வேலைல சேக்க மாட்டேன்னு சொன்னாங்களாம். அதுங்க ஊசின்னாலே ஒதறுதுங்க. எனக்கு பயமில்ல. கொல்லையில களை வெட்டறவள எவன் பேப்பர் கேக்கப் போறான்?"

"அஞ்சு போட்டுக்கினா உசுருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா?"

"ஆவலயே" என்றார்.

கோதண்டபாணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். பிறகு காலண்டரைப் பார்த்துச் சொன்னார். இன்றைக்கே அத்தை பேரில் முதல் ஊசி போட்டாலும், நம் பக்கம் இப்போது போடுகிற ஊசிக்கு இரண்டாவதற்கு எண்பத்து நாலு நாள் காத்திருக்க வேண்டும். அதன்பின் இன்னும் பதினாலு நாள். ஜனவரி முடிந்துவிடும்.

"கொழந்த நவம்பர்லயே வந்துடுமே" என்றார் அத்தை. சிரிப்பு அப்போதுதான் அவர் முகத்தை விட்டுப் போனது. "உடம்புல இருக்கற ஊசிய டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கட்டும் சார். ரத்தம் எடுத்துக்கட்டும். நான் பொய்யா சொல்றேன்?"

"ரத்தத்த எவனும் பாக்க மாட்டான்மா. ஏர்போர்ட்ல பேப்பரத்தான் பாப்பான்." பையோடு வந்த என் பாஸ்போர்ட்டை எடுத்துத் திறந்து என்னைக் காட்டினார். "பாப்பாவுக்கு எல்லாம் கரெக்டா இருக்குது. அந்தப் பக்கம் விசாவ பாப்பா பேர்ல மாத்திக்கினா, பாப்பா போவலாமே?"

ஒரு நிமிஷம் எனக்கு ஆசை வந்தது. இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். விமானம், மஸ்கட், கடையில் வாரக்கணக்கில் லீவு. அந்த ஆசைக்குப் பின்னாலேயே வெட்கமும் வந்தது.

அத்தை அந்த யோசனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "ஆமா, கலை போவட்டும். பையன நான் பாத்துக்கறேன். யார் போனா இன்னா, அவ பக்கத்துல ஒரு ஆள் இருந்தா போதும்." என் போனைப் பிடுங்கி, தானே சங்கவியை வீடியோவில் கூப்பிட்டார். என்னைத் தடுக்க விடாமல் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

சங்கவி வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். அத்தை தன் பேரில் பேப்பர் இல்லை, அண்ணி வருகிறாள் என்று மட்டும் சொன்னார். அவள் முகம் ஒரு கணம் வாடி, பிறகு தெளிந்தது.

"அண்ணி வந்தாலும் சந்தோசம்தான். ரெண்டு டோஸ் போட்டவங்க வந்தா எனக்கு தெம்பா இருக்கும் அண்ணி. எங்க வார்டுல பாத்துட்டேன், ஊசி போடாதவங்க கிட்டருந்து கொரோனா ஒட்டிக்கினு ஒரு பாப்பா பட்ட பாட்ட. நீங்க வந்துதான் மொதல்ல தூக்கணும்."

நான் போனை அத்தை கையிலிருந்து வாங்கினேன். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"சங்கவி, என் உடம்புல ஒரு ஊசிகூட இல்ல" என்றேன். "என் பேப்பர்ல இருக்கற ரெண்டும் உங்க அம்மா உடம்புல இருக்குது. இன்னும் ரெண்டு பேரோட மூணு ஊசியும் அவங்க உடம்புலதான் இருக்குது. அவங்க பேர்ல மட்டும் ஒண்ணும் இல்ல."

படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அவள் கண் சிமிட்டியது.

"அஞ்சா?" என்றாள். "அம்மா, நீ நல்லாத்தான இருக்க?"

"நான் கல்லாட்டம் இருக்கறேன்டி" என்றார் அத்தை.

சங்கவி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் சின்னக் குரலில் கேட்டாள், "அப்ப இந்தத் தபாவும் எனக்கு யாரும் வர மாட்டீங்களா?"

கோதண்டபாணி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தை ரவிக்கைக் கையைத் தோள்வரை சுருட்டினார். போன வாரம் ருக்கு பேரில் போட்ட இடம் இன்னும் சிவந்து தடித்திருந்தது. அந்தக் கையை அவர் கோதண்டபாணியின் முதுகை நோக்கி நீட்டினார்.

"எங்கனா ஜல்தி போடற எடம் இருந்தா சொல்லு சார். இன்னிக்கே ரெண்டும் போட்டுக்கறேன். இந்த வாட்டி என் பேர எழுதச் சொல்லு."