இடப்பக்கம் சாய்ந்த முடிச்சு

மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில் இதயமோ சிறுநீரகமோ ஜாடிக்குள் தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. கண்ணாடித் தகட்டோடு சேர்த்து நூலால் கட்டித்தான் மருந்துத் தண்ணீரில் இறக்குவார்கள். முப்பது வருடமாக அதைக் கட்டுகிறவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் முடிச்சுக்காரர். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

அன்று சிறுநீரக ஜாடி ஒன்றைப் பார்த்தவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அவர் கை அப்படிக் கட்டாது. யாரோ திறந்திருக்கிறார்கள். எதற்கு? உள்ளே இருப்பது பழைய சிறுநீரகம்தானா, இல்லை அதிலும் ஆள்மாறாட்டமா?

அறைக்குச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், இன்னொன்று பெருக்கித் துடைக்கும் பெண்ணிடம். அவளோ இடதுகைக்காரி. அப்புறம் கேட்க வேண்டுமா! அவள் சிரித்தால் திருட்டுச் சிரிப்பு, சும்மா இருந்தால் கல்லுளிமங்கி. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதிலும் மனிதர் கெட்டிக்காரர்தான். மறுநாள் காலையில் பேராசிரியரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவளைப் பிடித்தார்.

"ஜாடியைத் தொறந்தது யாரு?"

"நான்தாண்ணே." அவள் அசரவில்லை. "நீங்க கட்டினது கழண்டு அடியில விழுந்து கிடந்துச்சு. சார் கண்ணுல பட்டா உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. அதான் கமுக்கமா கட்டி வச்சேன்."

"என் கட்டு கழலுமா? யாருக்குக் காது குத்துற?"

"இது ஒண்ணு மட்டுமில்ல, பதினோரு ஜாடி. ஆறு மாசமா. மத்ததையெல்லாம் உங்களை மாதிரியே கட்டினேன், இதுலதான் அசந்துட்டேன்." நூலை எடுத்து நீட்டினாள். "நீங்களே கட்டுங்க, பாப்போம்."

வெடுக்கென்று வாங்கினார். இரண்டு சுற்று ஒழுங்காக வந்தது. நுனியை உள்ளே கோக்கும்போது விரல் நடுங்கியது. இழுத்தார், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இன்னொரு தடவை கட்டினார். அதுவும் வந்துவிட்டது. கொஞ்ச நாளாக டீ சிந்தும்போதெல்லாம் அவர் டம்ளரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. காலையில் கொடுத்த காகிதம் அதைவிட அதிகமாகச் சுட்டது.

அந்தக் காகிதத்தோடு பேராசிரியர் உள்ளே வந்தார். "சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பும்மா. இனி வர வேண்டாம்."

அவள் ஒருமுறை முடிச்சுக்காரரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவளோ இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"சார், அவ போக வேணாம்."

முடிச்சுக்காரர் தன் சாவியை மேசையில் வைத்தார். நூலையும் அதன் பக்கத்திலேயே வைத்தார்.

"என்னோடதை வாங்கிக்குங்க. கட்டத் தெரிஞ்ச ஆளு இப்ப அவ ஒருத்திதான்."