பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம்

என் அக்கா ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் ராபர்ட் மாமாவுக்குப் பூட்டுதான் எமன். வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். நொச்சிக்குப்பத்தில் யாருக்கு வாய் சும்மா இருக்கும்? ரோட்டோரம் மீன் விற்கிற பெண்களெல்லாம், பூட்டியாச்சு, போ என்று சத்தம் போடுவார்கள். அந்த நிம்மதி அடுத்த தெரு வரைக்கும் தாங்கும். ஆட்டோவில் காத்திருக்கும் எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

மகள் ஏஞ்சலின் நிச்சயதார்த்தத்துக்கே பாதி வழியில் இறங்கி வீட்டுக்கு ஓடிவிட்டார். கல்யாணத்துக்கும் இப்படிச் செய்தால், பிரபாகர் மாமா கையைப் பிடித்துக்கொண்டு மாதா கோயிலுக்குள் போவேன் என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டாள் ஏஞ்சல். அதற்குப் பிறகுதான் மனிதர் அக்காவோடும் என்னோடும் அடையாறில் மனநல டாக்டர் ஷண்முகப்ரியாவைப் பார்க்க வந்தார்.

டாக்டர் மாத்திரை கொஞ்சம் எழுதினார், வேலை நிறையக் கொடுத்தார். ஒரே தடவை பூட்டிவிட்டு நடக்க வேண்டும். பயம் ஏறும், திரும்பிப் போகாமல் பொறுத்தால் தானாக இறங்கும். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்ற ஆறுதல்தான் இந்த நோய்க்குத் தீனி. இனிமே அவர் கேட்டா, பூட்டியிருக்கலாம், பூட்டாமலும் இருக்கலாம்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா குப்பம் முழுக்கப் போய் எல்லார் வாய்க்கும் பூட்டுப் போட்டாள். பக்கத்து வீட்டு சொர்ணத்துக்கு அந்த வாரம் சோறே இறங்கவில்லை.

கல்யாணத்தன்று ஏஞ்சல் முன்னாலேயே காரில் போய்விட்டாள். மாமா ஒரு தடவை பூட்டிவிட்டு வந்து என் ஆட்டோவில் ஏறினார். பூவை மறந்த அக்கா, சாவியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிப் போய் வந்தாள். லஸ் தாண்டுவதற்குள் மாமாவின் சட்டை நனைந்துவிட்டது.

"பிரபா, வீடு பூட்டிக்கீதா?"

"பூட்டியிருக்கலாம் மாமா, பூட்டாமலும் இருக்கலாம்."

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இறங்கவில்லை. கோயிலில் மகளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு பீடம் வரை நடந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கதவில் பூட்டு வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது. பூ எடுக்கப் போன மகராசி பூட்டவே இல்லை. உள்ளே எதுவும் போகவில்லை. விருந்தாளிகளுக்கு வறுத்து வைத்த வஞ்சிரத்தை மட்டும் பூனை தின்று முடித்திருந்தது. அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மாமா காலித் தட்டைக் கையில் எடுத்தார்.

"இம்மாம் வருசமா பயந்துகினு இருந்தது இதுக்குத்தானா?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

மறுநாள் காலையில் பூட்டை இழுத்துப் பார்த்தார்தான். தெருமுனையில் நின்று திரும்பியும் பார்த்தார். சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கடல் பக்கம் நடந்தார்.