இரண்டாவது சாவி

அந்தக் காருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மூன்று பட்டறைகளில் சொல்லாமல் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வானம் வெறிச்சென்று இருக்கும்போது வைப்பர் ஆடும். ஆள் கிட்டே வராமலே கதவு திறந்துகொள்ளும், திறக்க வேண்டிய நேரத்தில் கல்லுளிமங்கன் மாதிரி கிடக்கும். காலையில் போய்ப் பார்த்தால் பேட்டரி செத்திருக்கும். முதல் பட்டறைக்காரர் பேட்டரியை மாற்றினார். அடுத்தவரும் யோசித்து யோசித்துப் பேட்டரியைத்தான் மாற்றினார். மூன்றாமவருக்கு என்ன தோன்றியதோ, ஹாரனை மாற்றிக் கொடுத்தார்.

நான்காவதாக அது வந்து சேர்ந்த இடம் மீட்டரின் பட்டறை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. கார் எலக்ட்ரீஷியன், எதையும் மீட்டர் வைத்து அளக்காமல் நம்பமாட்டார், அதனால் மீட்டர். டீ ஆறிவிட்டதா என்பதைக்கூட மீட்டர் வைத்துத்தான் பார்ப்பார் என்பது அவருடைய மச்சானின் கேலி. மனைவியின் தம்பியான அந்த மச்சான் பட்டறையின் மறுபாதியில் டயர் வேலை பார்த்தார். ஒரே கூரை, ஒரே டீக்கடை, நாள் முழுக்க ஓயாத வாய்ச்சண்டை.

காரைக் கொண்டுவந்த பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஏதோ பரிசோதனைக்கூடத்தின் அடையாள அட்டை தொங்கியது. அதிகம் பேசவில்லை. மீட்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வண்டியை விட்டுவிட்டு வைத்தியமும் சொல்லிக்கொடுக்கும் ஆட்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பேட்டரியில் மீட்டரை இணைத்தார். அணைத்த பிறகும் கரண்ட் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒன்றைப் பிடுங்கியதும் மீட்டர் சட்டென்று இறங்கியது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தவர், உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வெளியே வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு.

"இதுதாம்மா உங்க பேய்," என்றார். "பாடி கன்ட்ரோல் மாட்யூல். லைட்டு, வைப்பரு, கதவுப் பூட்டு எல்லாத்துக்கும் ஆர்டர் போடுறது இதுதான். முன்கண்ணாடி ரப்பர் விட்டிருக்கு. தண்ணி சொட்டுச் சொட்டா எறங்கி மூளையத் தின்னுருச்சு. புதுசு போட்டுடலாம். ரெண்டு சாவியும் குடுங்க."

"ஒண்ணுதான் கொண்டு வந்தேன்."

சாவி விஷயத்தில் மீட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புதுப் பெட்டிக்கு எந்தச் சாவியையும் தெரியாது. மாட்டும்போதே எல்லாச் சாவியையும் அதற்கு அறிமுகப்படுத்திவிட வேண்டும். அன்றைக்கு வராத சாவி அதற்குப் பிறகு கதவையும் திறக்காது, இன்ஜினையும் கிளப்பாது. ஜனங்கள் ஒன்றோடு வந்து நிற்பதும், ஒரு மாதம் கழித்து அலமாரியில் கிடந்தது என்று இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு வருவதும் அவருக்குப் பழகிப்போன எரிச்சல்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"அவர்கிட்ட இருக்கு."

"போன் போட்டு வரச் சொல்லுங்க. வண்டி மட்டும் வேணும், வந்து நிக்க நேரமில்லையா? அப்படி என்னத்த வெட்டி முறிக்கிறாரு?"

டயர்களுக்குப் பின்னால் மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மீட்டர் பார்க்கவில்லை.

"கடல்ல இருக்காருண்ணே," என்றாள்.

"சரி, எப்ப கரைக்கு வருவாரு?"

"தெரியல."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அப்புறம்தான் மீட்டருக்கு உறைத்தது. கடலில் தூர்வாரும் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப்போன படகு மழைக்காலத் தொடக்கத்தில் கவிழ்ந்தது. உயிரோடும் பிணமாகவும் எல்லோரையும் கரை சேர்த்தார்கள், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரின் மனைவி இவள். மீட்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கார துறைமுகத்து வாசல்ல விட்டுட்டுப் போயிருந்தாரு," என்றாள் அவள். "சாவி அவர் பேன்ட் பாக்கெட்ல. நான்தான் போய் ஓட்டிட்டு வந்தேன். அவன் வந்தா முதல்ல காரத்தான் தேடுவான்னு என் மாமனாரு சொல்லிட்டே இருக்காரு. அந்தச் சாவி செல்லாமப் போகக் கூடாதுண்ணே. பழசையே சரி பண்ணிக் குடுங்களேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் மீட்டர் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். தண்ணீர் குடித்த பெட்டியை நம்பி ரோட்டில் இறங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குப் பக்கத்தில் நடக்கிற வேலை. ஆனால் அன்றைக்கு அவர் வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "பாக்குறேம்மா," என்றுவிட்டார். களிம்பைச் சுரண்டினார், அரித்துப்போன தடங்களுக்கு மயிரிழை வயர் வைத்துப் பற்றவைத்தார், காயவைத்து மாட்டினார். கண்ணாடி ரப்பரையும் ஒட்டினார். வண்டி சாதுவாகிவிட்டது.

அவள் போன பிறகு மச்சான் கேட்டார். "நிக்குமா அத்தான்?"

"மீட்டர் நிக்கும்னு சொல்லுது."

"மீட்டர் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

மீட்டர் வேறு வேலை இருப்பதுபோல் குனிந்துகொண்டார்.

பட்டப்பகலில் கொட்டிய ஒரு மழையில் அந்த வண்டி நின்றுபோனது. பெரிய சாலையின் நடுவில் வைப்பர் பாதியில் நிற்க, விளக்குகள் மொத்தமாக அணைய, பின்னால் வந்த லாரிக்கு அந்தக் கார் இருப்பதே தெரியவில்லை. கடைசி நொடியில் லாரிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் பக்கக் கண்ணாடியோடு போயிற்று. மறுநாள் அவள் மாமனாரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நெடிய உருவம். மழையில் அவள் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

மீட்டருக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தப்பு என்னுதும்மா. நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"நான்தானே கேட்டேன்," என்றாள் அவள். "மாத்திருங்கண்ணே."

"அப்ப அவன் சாவி?" என்றார் மாமனார்.

மீட்டர் ஒரு வழி சொன்னார். பழைய பெட்டிக்குள் மெமரி சிப் என்கிற நினைவுச் சில்லு ஒன்று உண்டு, இரண்டு சாவிகளின் அடையாளமும் அதில்தான் இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்தெடுத்துப் புதுசில் ஏற்றிவிட்டால் இரண்டு சாவியும் பிழைக்கும். மாமனாரின் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்ததும், இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று மீட்டருக்குப் பட்டது.

பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சில்லின் கால்களில் வயர் வைத்து லேப்டாப்பில் படித்தார். அர்த்தமில்லாத எழுத்துக் குப்பையாக வந்தது. துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"வந்துருச்சா தம்பி?"

"இன்னும் இல்லீங்க ஐயா."

சில்லைப் பெயர்த்தெடுத்துத் தனியாக வைத்துப் படித்தார். வேறு குப்பை வந்தது. மாமனார் பின்னாலேயே நின்றார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. ஒவ்வொரு முறை திரை அசையும்போதும் வந்துருச்சா தம்பி, வந்துருச்சா தம்பி என்று கேட்டார். மச்சான் தன் வேலையை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, போதும்," என்றாள் அவள். "அது அரிச்சுப் போச்சு. அண்ணன் என்ன பண்ணுவாரு?"

புதுப் பெட்டியை மாட்டியாயிற்று. எல்லாம் முடிந்து கடைசியில் லேப்டாப் ஒரு கேள்வியோடு நின்றது. மொத்தம் எத்தனை சாவி? எண்ணைப் போட்டால்தான் மேலே நகரும், அந்த எண்ணுக்கு மேல் எந்தச் சாவியும் இந்தக் காருக்குச் சொந்தமில்லை. மீட்டர் இந்த எண்ணைத் தானாகப் போடுகிற வழக்கமே கிடையாது. களவு போன சாவி இருக்கும், பிரிந்துபோனவர் கையில் சாவி இருக்கும், நமக்கு ஏன் வம்பு என்று வண்டிக்காரர் வாயாலேயே சொல்ல வைத்துத்தான் தட்டுவார். இன்றைக்கு மட்டும் கேட்காமல் தட்டிவிடலாமா என்று விரல் ஒருமுறை போய்வந்தது. அடுத்தவர் வீட்டு ஆளைக் கணக்கிலிருந்து எடுக்கத் தனக்கு என்ன உரிமை என்று விரலை மடக்கிக்கொண்டார்.

"அம்மா," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "எத்தன சாவின்னு கேக்குதும்மா. நீங்க சொல்லணும்."

அவள் லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. மாமனார் ஒருமுறை மருமகளைப் பார்த்தார். நேற்றைய மழையில் உடைந்த கண்ணாடிச் சில்லு கிழித்த கீறல் அவள் முழங்கையில் இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"போட்டுக்கங்க தம்பி. இனிமே..."

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்க சொல்லாதீங்க. பெத்தவரு, உங்க வாயால வேண்டாம். நான் சொல்றேன்." மீட்டர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு."

மீட்டர் தட்டினார். அவள் டிரைவர் இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். நான்கு கதவுகளும் ஒருசேரப் பூட்டித் திறந்தன, விளக்குகள் எரிந்து அணைந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அந்த வீட்டில் இத்தனை மாதமாக யாரும் அழுததில்லை. அழுதால் அவன் இல்லை என்று ஆகிவிடும் என்று ஒருவருக்காக ஒருவர் அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மாமனார் காரைச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, மகனின் பெயரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

மச்சான் மீட்டரின் தோளைத் தொட்டார். இருவரும் வெளியே வந்து ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, டயர் மாற்ற வந்தவர்களை நாளைக்கு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.